வெள்ளத்துக்குப் பின் திறக்கப்படும் பாலம்: ஜவ்வாது மலை மக்கள் கேட்கவேண்டியவை

வெள்ளத்தில் சிதைந்த ஒரு வழி மீண்டும் திறக்கப்படுவதில் இரண்டு செயல்கள் அடங்கியுள்ளன. புதிதாகக் கட்டப்பட்டது இவ்வளவு நீரையும் இவ்வளவு எடையையும் தாங்கும் என்று பொறியாளர் கணக்கிட்டுக் கையொப்பமிடுவது ஒன்று. தடுப்புகளை அகற்றி வண்டிகளை அனுமதிப்பது மற்றொன்று. இரண்டாவது செயல் விழாவாக நடப்பதால் எல்லோருக்கும் தெரிகிறது. முதலாவது கோப்புக்குள் நடப்பதால், நடந்ததா என்பதே பலருக்கும் தெரிவதில்லை. வழி திறந்துவிட்டது என்பதாலேயே அது சோதிக்கப்பட்டுவிட்டது என்று கொள்வது, குறிப்பாக மாற்று வழி இல்லாத மலைப்பகுதிகளில், ஆபத்தான அனுமானமாகும்.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலை, செய்யாறு, கமண்டல நாகநதி, மிருகண்டா நதி ஆகிய ஆறுகளுக்குப் பிறப்பிடமாக இருப்பதால், போளூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலைகளும், அவற்றிலிருந்து பிரிந்து சிற்றூர்களுக்குச் செல்லும் கிளைப் பாதைகளும் ஓடைகளைக் கடக்காமல் நெடுந்தூரம் செல்ல இயலாது. இந்தக் கடவுகளில் பல சிறுபாலங்களாகவோ தரைப்பாலங்களாகவோ உள்ளன. ஆற்றுப் படுகையை ஒட்டித் தாழ்வாகக் கட்டப்பட்டு, வெள்ளம் வந்தால் நீர் மேலே புரண்டு ஓடட்டும் என்று விடப்படுவதே தரைப்பாலம். சமவெளியில் ஒரு பாலம் உடைந்தால் பயணம் சில கிலோமீட்டர் கூடும். மலையில் ஒன்று உடைந்தால் நியாயவிலைக் கடையும் பள்ளியும் 108 ஊர்தியும் ஒரே நாளில் கைக்கெட்டாமல் போகும். வழியில்லாத ஊர் என்ன விலை கொடுக்கிறது என்பதற்கு, 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலைப்பகுதியின் அத்திமரத்துக்கொல்லையில், பாம்பு தீண்டிய கைக்குழந்தை உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைய முடியாமல் இறந்ததும், அதன் உடலைத் தாய் சுமந்துகொண்டு நடக்க நேர்ந்ததும் சான்று.

பாலத்துக்கு வெள்ளம் செய்யும் கேடு பெரும்பாலும் மேலிருந்து பார்ப்பவர் கண்ணில் படுவதில்லை. தூணைச் சுற்றிச் சுழலும் நீர் அதன் அடிமண்ணைத் தோண்டி எடுத்துச் செல்வதைப் படுகை அரிப்பு என்பர். வெள்ளம் வடியும்போது அதே பள்ளத்தில் மணலும் சேறும் வந்து படிந்துவிடுவதால், நீர் வற்றியபின் பார்ப்பவருக்கு எல்லாம் பழையபடி இருப்பதாகவே தோன்றும், ஆனால் இறுகிய மண் இருந்த இடத்தில் பிடிப்பில்லாத மணல் மட்டுமே இருக்கும். அடுத்த பலவீனம் அணுகுசாலை, அதாவது பாலத்தின் இரு முனைகளையும் கரையோடு இணைக்கும் மண்மேட்டுப் பகுதி. பாலம் நிற்க, இந்த மேடு மட்டும் கரைந்துபோவது மிகவும் வழக்கமான காட்சி. மலை ஓடைகளில் இவற்றோடு மூன்றாவதும் சேர்கிறது: சரிவிலிருந்து உருண்டு வரும் பாறைகளும் வேரோடு பெயர்ந்த மரங்களும் குழாய்ப் பாலத்தின் வாயை அடைத்துவிட, நீர் பக்கவாட்டில் வழி தேடிச் சாலையையே அறுத்துக்கொண்டு போகிறது. அவ்வாறு போன இடத்தில் அதே விட்டமுள்ள குழாய்களை மீண்டும் பதித்துத் தார் போட்டுத் திறப்பது சீரமைப்பு ஆகாது. அடுத்த உடைப்புக்கு நாள் குறிப்பதே ஆகும்.

எவ்வளவு வெள்ளத்துக்காகக் கட்டப்பட்டது என்ற கேள்வியே இவை அனைத்துக்கும் அடிப்படை. பாலத்தின் அடியில் தடையின்றிச் செல்லும் என்று வடிவமைப்பாளர் ஏற்றுக்கொள்ளும் உச்ச நீரளவுக்கு வடிவமைப்பு வெள்ளம் என்று பெயர். வினாடிக்கு இத்தனை கன அடி என்று அது குறிக்கப்படும். அந்த அளவு வெள்ளம் சராசரியாக எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் என்பது மீள்வருகைக் காலம். நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று பலரும், சில வேளைகளில் அதிகாரிகளும்கூட, பொருள்கொள்கின்றனர். உண்மையில் அது ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம். முப்பது ஆண்டுகளில் ஒருமுறையேனும் வந்துவிடுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. ஐம்பதாண்டு வெள்ளத்துக்கென்று கட்டப்பட்ட பாலம் ஐம்பது ஆண்டுகள் நின்றால், அந்த அளவு வெள்ளத்தை அது சந்திக்காமல் தப்புவதைவிடச் சந்திப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இந்தக் கணக்கு ஏட்டளவில் நிற்பதன்று என்பதைத் திருவண்ணாமலை மாவட்டமே கண்டது. தண்டராம்பட்டு வட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைத்துத் தென்பெண்ணையின் குறுக்கே ஏறத்தாழ 16 கோடி ரூபாயில் கட்டப்பட்டு 2024 செப்டம்பரில் திறக்கப்பட்ட உயர்மட்டப் பாலம், ஃபெஞ்சல் புயல் மழையை அடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவில் நீர் திறக்கப்பட்டபோது, மூன்றே மாதங்களில், டிசம்பர் தொடக்கத்தில் அடித்துச் செல்லப்பட்டது. வினாடிக்கு ஏறத்தாழ 54,000 கன அடி நீருக்காக வடிவமைக்கப்பட்ட பாலத்தில் இரண்டு லட்சம் கன அடி அளவுக்கு வெள்ளம் வந்ததே காரணம் என்று அரசுத் தரப்பில் விளக்கப்பட்டது. அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றாலும் கேள்வி முடிவதில்லை, தொடங்குகிறது: பேரணை ஒன்றுக்குக் கீழே பாலம் கட்டும்போது, அந்த அணை தன் மதகுகளை முழுதும் திறந்தால் எவ்வளவு நீர் வரும் என்பது கணக்கில் சேர்க்கப்பட்டதா, சேர்க்கப்படவில்லை எனில் அதை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டவர் யார்? திறப்பதற்கு முன் இந்த ஒரு எண்ணை மக்கள் அறிந்திருந்தால், கேள்வியும் பாலம் போகும் முன்பே எழுந்திருக்கும்.

ரயில் பாதைகளின் நிலை இதற்கு மாறானது. ரயில்வே சட்டம், 1989-இன் 21 முதல் 23 வரையிலான பிரிவுகளின்படி, புதிய பாதையை மட்டுமன்றி, நிலையங்களையும் திரும்பக் கட்டப்பட்ட பாலங்களையும்கூட, ரயில் பாதுகாப்பு ஆணையர் ஆய்வு செய்து, ஒப்புதல் கிடைத்த பிறகே பயணிகளுக்குத் திறக்கலாம். விபத்தால் நின்றுபோன பாதையை விரைந்து சீராக்கும்போது முன் ஆய்வின்றித் திறக்க 24-ஆம் பிரிவு இடமளிக்கிறது. அப்போதும், திறப்பதால் பொதுமக்களுக்கு ஆபத்தில்லை என்று பொறுப்பு ஊழியர் எழுத்தில் சான்றளித்தாக வேண்டும். ஆணையர் அமைப்பு ரயில்வேயின் கீழ் இல்லாமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குவது, கட்டியவரே தேர்வாளராக இருத்தலாகாது என்பதற்காகத்தான். மெட்ரோ ரயில் நிலையங்களுக்கு 2002-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில்வே சட்டத்தில் இதையொத்த ஏற்பாடு உள்ளது.

இந்த ஏற்பாடு வெறும் சடங்காக நின்றுவிடவில்லை. 1964 டிசம்பர் புயலில் சிதைந்து, பின்னர் சீரமைக்கப்பட்ட பாம்பன் பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் எழுந்தபோது, 2024 நவம்பரில் ஆய்வு செய்த பாதுகாப்பு ஆணையர், துருப்பிடித்தலைத் தடுக்கும் ஏற்பாடு, வடிவமைப்புக்கு ஒப்புதல் பெற்ற முறை ஆகியவை குறித்துக் குறைகளை எழுத்தில் பதிவு செய்தார்; ரயில்வே அமைச்சகம் குழு அமைத்து அதற்குப் பதில் தேட வேண்டியதாயிற்று; பாலம் 2025 ஏப்ரல் 6 அன்றுதான் திறக்கப்பட்டது. நியூயார்க்கில் 2009-இல் திறக்கப்பட்ட சவுத் ஃபெர்ரி சுரங்க ரயில் நிலையம் 2012 அக்டோபரில் சாண்டி புயலின் கடல்நீரில் மூழ்கியபோது, முன்பே மூடப்பட்டிருந்த பழைய நிலையத்தை 2013 ஏப்ரலில் தற்காலிகமாகத் திறந்து பயணிகளுக்கு வழிசெய்துவிட்டு, புதியதை வாயில்களில் வெள்ளத்தடுப்புக் கதவுகளோடு மாற்றியமைத்து 2017 ஜூனில்தான் திறந்தனர். இடைக்கால வழியைத் தனியாகவும் நிலையான சீரமைப்பைத் தனியாகவும் வைத்துக்கொண்டதால், அவசரம் தரத்தை விழுங்கவில்லை.

சாலைப் பாலங்களுக்கோ, வெளியிலிருந்து வரும் சுயேச்சையான அதிகாரி ஒருவர் ஒப்புதல் தராமல் திறக்கக்கூடாது என்று கட்டளையிடும் இத்தகைய சட்டம் இல்லை. இந்தியச் சாலைப் பேராயம் வகுத்த நெறிகள் உள்ளன; வடிவமைப்பு வெள்ளம், அடித்தள ஆழம், வெள்ளத்துக்குப் பிந்தைய ஆய்வு ஆகியவை குறித்து அவை விரிவாகவே பேசுகின்றன; ஆனால் அவற்றைப் பின்பற்றியதைச் சரிபார்ப்பது கட்டிய துறையின் பொறியாளர்கள் கையிலேயே பெரிதும் தங்கிவிடுகிறது. எனவே ரயில் பயணிக்காக ஆணையர் கேட்கும் கேள்வியை, மலைச் சாலையில் செல்பவர் தாமே கேட்க வேண்டியிருக்கிறது.

அதற்குரிய முதல் கருவி தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய்க் கட்டணத்தில், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்குக் கட்டணமே இன்றி, வடிவமைப்பு வெள்ளத்தின் அளவு, மீள்வருகைக் காலம், அடித்தள ஆழம், பணி நிறைவுச் சான்று, 28 நாள் பதப்படுத்திய கான்கிரீட் கட்டிகளை அழுத்தி உடைத்துப் பார்த்த வலிமைச் சோதனையின் முடிவு ஆகியவற்றைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும், உயிர் தொடர்பானதாயின் 48 மணி நேரத்துக்குள். பலரும் அறியாத பகுதி ஒன்று இந்தச் சட்டத்தின் 2-ஆம் பிரிவிலேயே உள்ளது: தகவல் அறியும் உரிமை என்பதில் காகித நகலோடு, பணியை நேரில் பார்வையிடும் உரிமையும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறும் உரிமையும் அடங்கும். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா, வனத்துறையுடையதா என்பது மலையில் எளிதில் விளங்குவதில்லை. தவறான அலுவலகத்துக்கு அனுப்பினாலும், அதை 5 நாட்களுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்புவது பெற்றவரின் கடமை. எழுத இயலாதவர் வாய்மொழியாகச் சொல்வதை எழுத்தாக்க உதவுவதும் பொதுத் தகவல் அலுவலரின் கடமையே. பதில் வராவிட்டாலோ போதாவிட்டாலோ 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதன் பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம்.

காப்புக்காட்டின் ஊடே செல்லும் பாதையென்றால், வன நிலம் என்பதால் ஒன்றும் செய்வதற்கில்லை என்ற பதில் அடிக்கடி கிடைக்கும். வன உரிமைச் சட்டம், 2006-இன் 3(2) பிரிவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலமே தேவைப்பட்டு, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்ட நேராதபோது, கிராம சபையின் பரிந்துரையின் பேரில் சாலை உள்ளிட்ட வசதிகளுக்கு வன நிலத்தை அனுமதிக்க வழிசெய்கிறது. ஆகவே கிராம சபைத் தீர்மானம் இங்கே சட்டம் கேட்கும் ஓர் ஆவணமாகிறது. தமிழகத்தில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளில், இன்ன ஓடையின் மேல், இன்ன இடத்தில் என்று குறிப்பிட்டு இத்தீர்மானத்தை நிறைவேற்றலாம்.

உடனடி ஆபத்து தெரியும்போது, தூண் சாய்ந்திருப்பதோ தளத்தில் புதிய விரிசலோ அணுகுசாலையில் உள்வாங்கலோ கண்ணில் பட்டால், மனுவுக்குக் காத்திராமல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணில் தெரிவிப்பதே முறை. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 34-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட இடத்தில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தவும் தடைசெய்யவும் ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. தரைப்பாலத்தின் மேல் நீர் ஓடுகையில் கடப்பது பழக்கமான ஆபத்தாகிவிட்டது. முழங்கால் அளவு நீரின் வேகமே ஆளைச் சாய்க்கப் போதும் என்பதும், கலங்கிய நீருக்கு அடியில் தளம் இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது என்பதும் மறக்கப்படுகின்றன.

இழப்பு நேர்ந்தபின் கிடைக்கக்கூடியவை வெவ்வேறு வாயில்களில் உள்ளன. வெள்ளத்தில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு மாநிலப் பேரிடர் நிதி நெறிகளின்படி 4 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. சாலையின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் உரிய தரத்தைப் பின்பற்றாததால் இறப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பு அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு இடமளிக்கிறது. கோடிக்கணக்கில் மதிப்புள்ள ஒப்பந்தத்தின் முன் இத்தொகை மிகச் சிறிது என்பதில் ஐயமில்லை. எனினும் தரம் பின்பற்றப்படவில்லை என்று நீதிமன்றம் பதிவு செய்வதே, அடுத்து இழப்பீடு கோருவோருக்கு வலுவாக அமையும்.

வழக்குச் செலவை நினைத்து இவ்வழிகளைக் கைவிடத் தேவையில்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி, மலையாளி இனத்தவர் உள்ளிட்ட பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. இனச் சான்றிதழ் கைவசம் இல்லாத ஆண்களுக்கும், வெள்ளத்தால் பாதிக்கப்பட்டோர் என்ற தனி உட்பிரிவின் கீழ் அவ்வுதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் தொடர்பு கொள்ளலாம்.

காலவரம்பு ஒன்றைத் தனியே கவனிக்க வேண்டும். பணி முடிந்தபின் குறிப்பிட்ட காலத்துக்குள் தெரியவரும் பழுதை ஒப்பந்தக்காரர் தம் செலவிலேயே சரிசெய்யவேண்டிய அக்காலத்துக்குக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று பெயர். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் சாலைகளுக்கு, பணி முடிந்து ஐந்தாண்டுகள் பராமரிப்பதும் ஒப்பந்தத்திலேயே சேர்ந்தது. திறந்தபின் வரும் முதல் வடகிழக்குப் பருவமழை முடிந்து நீர் வடிந்த சனவரியில், தூணடியையும் அணுகுசாலையையும் தேதியோடு படமெடுத்து, திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து ஒப்புகை பெற்று வைத்துக்கொண்டால், பழுது பொறுப்புக் காலத்துக்குள்ளேயே தெரிவிக்கப்பட்டது என்பதற்கு அந்த ஒப்புகைச் சீட்டே ஆவணமாகும்.