தேசியக் குடும்ப நல ஆய்வும் அதன் வினாக்களும்

நம் நாட்டுப் பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நலனைப்பற்றிப் பேசுவோர் எடுத்தாளும் விழுக்காடுகளுள் பல தேசியக் குடும்ப நல ஆய்விலிருந்து பெறப்பட்டவை. மத்திய சுகாதார அமைச்சின் சார்பில் மும்பையிலுள்ள மக்கள்தொகை அறிவியல் பன்னாட்டு நிறுவனத்தார் 1992-93இல் இதனை முதன்முறையாக நடத்தினர். 2019-21இல் நடைபெற்ற ஐந்தாம் ஆய்வு 6,36,699 வீடுகளை அணுகி, 7,24,115 பெண்களை வினவியது. இவ்வெண்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதை அறிந்தே அவற்றைக் கையாளுதல் தகும்.

முதலில் கிராமங்களும் நகர்ப்பகுதிகளும், பின்னர் அவை ஒவ்வொன்றிலும் 22 வீடுகளும் சார்பின்றித் தெரிந்தெடுக்கப்படுகின்றன. அவ்வீடுகளிலுள்ள 15 முதல் 49 வயதுவரையான பெண்களிடம் அவர்கள் ஈன்ற பிள்ளைகள் அனைவரையும்பற்றிக் கேட்கப்படுகிறது. உயிருடன் பிறந்து பின்னர் இறந்த பிள்ளை உண்டா என்றும், பிறந்தவுடன் அழுதோ உயிர்க்குறி காட்டியோ பிழைக்காமற்போன பிள்ளை உண்டா என்றும் தனித்தனியே வினவுகின்றனர். ஏனெனில், பிறந்த சில நாட்களுக்குள் இறக்கும் குழந்தையின் பிறப்பும் இறப்பும் பதிவேட்டில் இடம்பெறாமல் போவதுண்டு. தாயின் நினைவே அதற்குச் சான்று. ஆயிரம் பிறப்புக்கு 79ஆக இருந்த சிசு மரணம் ஐந்தாம் ஆய்வில் 35ஆகக் குறைந்துள்ளது என்பதை இவ்வாறே அறிகிறோம்.

கணவனால் நேரும் வன்முறையைப்பற்றிய வினாக்களுக்குத் தனி ஒழுங்கு உண்டு. தெரிந்தெடுத்த சில வீடுகளில், வீட்டிற்கு ஒரு பெண்ணிடம் மட்டுமே அவை கேட்கப்படும். பிறர் செவியில் விழாத தனிமை கிட்டாவிடில் அவ்வினாக்கள் விடப்படும்; விடையைவிட அவளுடைய பாதுகாப்பே முதன்மையானது. ஐந்தாம் ஆய்வில், மணமான பெண்களுள் 29 விழுக்காட்டினர் கணவனின் உடல்வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ உட்பட்டதாகக் கூறினர். எவராலேனும் இத்தகைய வன்முறைக்கு உள்ளான பெண்களுள் உதவி நாடியோர் 14 விழுக்காட்டினரே. கூற அஞ்சியோர் இக்கணக்கில் சேரார். ஆதலின் உண்மை நிலை இதனினும் மிகுதியாக இருத்தல் கூடும்.

இல்லங்களைச் சந்திக்கும் ஆயர் இவ்வொழுங்கைக் கருதுதல் நலம். கணவனும் மாமியாரும் அருகிருக்க, "நலமாயிருக்கிறேன்" என்று ஒரு பெண் கூறும் விடையை ஆய்வாளர் முழுமையானதாக ஏற்பதில்லை. நாமும் அதனை முழுமையானதாகக் கொள்ளலாகாது.