சப்பென்ற மீன்கறியும் காறிய சிப்ஸும்

சாப்பாடு ஏமாற்றிவிட்டது என்பதை ஆங்கிலத்தில் சொல்ல நேர்ந்தால், பலரும் 'பேட்', 'நாட் குட்' என்ற இரண்டோடு முடித்துக்கொள்கிறார்கள். சமைத்தவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. உப்பு குறைந்ததா, வேகவில்லையா, பழசா என்று அவருக்கு எப்படித் தெரியும்? கோளாறு எந்த இடத்தில் என்று பிரித்துக்கொண்டால் சரியான சொல் கிடைத்துவிடும்.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழக-கேரள எல்லைக் கிராமங்களில் இந்தப் பிரிப்பு ஏற்கெனவே நாக்கில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம் உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளையைத் தாண்டினால் கடைப்பலகையின் எழுத்து மாறும். மரச்சீனி எனும் மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் மாறுவதில்லை. குறை சொல்ல இரண்டு மொழிச் சொற்களும் கைவசம் உண்டு. ஆங்கிலத்துக்கும் அங்கிருந்தே போகலாம்.

மீன்கறியில் உப்பும் புளியும் எடுபடாமல் சப்பென்று இருந்தால் 'பிளாண்ட்'. அவ்வளவு கடுமையான சொல் அல்ல. வயிற்றுப்புண்காரருக்கு மருத்துவர் சொல்லும் காரமில்லாத பத்தியமும் 'பிளாண்ட் டயட்'தான். 'இன்சிபிட்' அப்படியல்ல, அது எப்போதும் குறைதான். குழம்பு நீர்த்திருந்தால் 'வாட்டரி' போதும். 'டேஸ்ட்லெஸ்' என்பதில் மட்டும் கவனம் வேண்டும். கறியைச் சொன்னால் ருசியில்லை என்று பொருள். ஒருவர் அடித்த ஜோக்கைச் சொன்னால் நாகரிகமில்லை என்று பொருள்.

மரச்சீனி வேகாமல் இருந்தால் 'அண்டர்குக்ட்', முற்றி நாரோடியிருந்தால் 'ஃபைப்ரஸ்', கூழாகக் குழைந்திருந்தால் 'மஷி'. கசந்தால் 'பிட்டர்' என்று எழுதிவிட்டு நிற்கக் கூடாது, தட்டையும் ஒதுக்கிவிட வேண்டும். அந்தக் கிழங்கில் சயனைடைத் தரும் பொருள் உண்டு. வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டுவது அதற்காகத்தான். பொழியூர், பூவார் கரையில் தமிழர் கணவாய் என்றும் மலையாளிகள் கூந்தல் என்றும் சொல்லும் கடலுணவு பக்குவம் தவறினால் ரப்பராக இழுக்கும். ஆங்கிலத்திலும் அது 'ரப்பரி'யே. மாட்டிறைச்சி கடிபடாவிட்டால் 'டஃப்'. 'சூயி' என்பது பரோட்டாவுக்குப் பாராட்டாகவும் இருக்கலாம்.

அதிகம் குழப்புவது பழசாகிப்போன பண்டம். நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தைத் திறந்து வைத்தால் அதற்கு இரண்டு கேடுகள் வரலாம். காற்றின் ஈரத்தை இழுத்து நமத்துப்போவது ஒன்று. அதற்கு 'ஸ்டேல்' சரி. 'சாகி' என்றால் குழம்பிலோ தண்ணீரிலோ ஊறிச் சொதசொதவென்று ஆனது. வேடிக்கை என்னவென்றால், பழைய ரொட்டியும் 'ஸ்டேல்'தான். சிப்ஸ் பழசானால் மெத்தென்று ஆகும், ரொட்டி பழசானால் விறைக்கும். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. மற்றொரு கேடு எண்ணெயில் வருவது. ஈரமும் காற்றும் பட்டுத் தேங்காயெண்ணெயின் கொழுப்பு சிதைந்தால் சிக்கு வாடை அடிக்கும், தொண்டை காறும். இதற்கு 'ரான்சிட்' ஒன்றே சரி. சிப்ஸ் மொறுமொறுவென்று இருந்துகொண்டே 'ரான்சிட்' ஆகவும் முடியும்.

புளிப்பின் கதை வேறு. அளவோடு இருக்கும் மோருக்கு 'டேங்கி' புகழ்ச்சி; மிஞ்சினால் 'சவர்'; பால் திரிந்தால் 'கான் ஆஃப்'. எண்ணெய்ப் பண்டத்தை 'ஆயிலி' என்றால் பாதி விவரம், பாதி குறை. 'கிரீஸி' என்றால் முழுக் குறை.

சமையலில் பெரிய தப்பில்லை, ஆனால் கேள்விப்பட்ட அளவுக்கு இல்லை என்றால் 'அண்டர்வெல்மிங்'. பெயர்பெற்ற சத்யை விருந்தில் போளியும் பாயசமும் சுமாராக அமைந்தால் இதுவே பொருந்தும். யாரும் பெரிதாக எதிர்பார்க்காத டீக்கடை வடைக்கு அந்தச் சொல் எதற்கு? 'மீடியோக்கர்' போதும்.

'ராட்டன்', 'ஸ்பாய்ல்ட்' இரண்டையும் வெறும் கோபத்தில் எழுதக் கூடாது. 'பிளாண்ட்' ஓர் அபிப்பிராயம், இவை குற்றச்சாட்டு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் பாதுகாப்பற்ற உணவு, தரக்குறைவான உணவு ஆகியவற்றைத் தனித்தனியே வரையறுத்துத் தண்டனையும் சொல்கிறது. சப்பென்று சமைப்பதற்கு அதில் தண்டனை இல்லை.