குட்டையான தோட்டா, ஒரே துளை

நூறு கஜத் தொலைவில் ஐந்து குண்டுகள். ஐந்தும் ஏறக்குறைய ஒரே துளைக்குள் போக வேண்டும். துப்பாக்கியை மேசைமேல் தாங்கி வைத்துச் சுடும் 'பெஞ்ச்ரெஸ்ட்' போட்டியின் இலக்கு இதுதான். இதற்கென்றே 1970-களின் நடுவில் அமெரிக்காவின் மருத்துவர் லூ பால்மிசானோவும், கருவி செய்வதில் வல்லவரான ஃபெரிஸ் பிண்டெலும் ஒரு தோட்டாவை உருவாக்கினார்கள். 6 மி.மீ. பி.பி.சி. என்பது பெயர். இரண்டு 'பி'யும் அவர்கள் இருவரையும் குறிப்பவை.

'.220 ரஷ்யன்' தோட்டாவின் பித்தளைக் கூட்டைத்தான் மாற்றி அமைத்தார்கள். பார்க்கக் குட்டை, நல்ல பருமன். தோள்பகுதி 30 பாகைச் சரிவு. அடியில் தீப்பொறி நுழையும் துளை, வழக்கமான 2 மில்லிமீட்டருக்குப் பதிலாக வெறும் 1.5 மில்லிமீட்டர்! வெடிமருந்து ஒவ்வொரு முறையும் ஒரே சீராக எரிய வேண்டும் என்பதற்காக எவ்வளவு நுணுக்கமான வேலைப்பாடு! அரை நூற்றாண்டு ஆகியும், குறுந்தொலைவுப் போட்டியாளர்கள் இன்றும் இதையே நம்பிச் சுடுகிறார்கள்.