உடைக்க வேண்டிய வெண்கலச் சர்ப்பங்கள்

வேதாகமம் விக்கிரகத்தைக் கல்லிலும் மரத்திலும் மட்டும் தேடவில்லை. ஆலோசனை கேட்டுத் தன் முன்னே வந்து உட்கார்ந்த இஸ்ரவேல் மூப்பர்களின் விக்கிரகங்கள் அவர்களுடைய இருதயத்திலேயே இருப்பதை எசேக்கியேல் தீர்க்கதரிசி வெளிப்படுத்துகிறார் (14-ஆம் அதிகாரம்). கொலோசெயருக்கு எழுதும் பவுல், பொருளாசையை விக்கிரகாராதனைக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார். மார்ட்டின் லூத்தர் 1529-இல் வெளியிட்ட பெரிய ஞானோபதேசத்தில் முதல் கட்டளையை விளக்கும்போது, உலகில் அதிகம் வணங்கப்படுவது பணம்தான் என்கிறார். கல்வி, செல்வாக்கு, குடும்பம் இவற்றில் சாய்ந்து நிற்பவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. மனம் எதை நம்பி நிம்மதி அடைகிறதோ அதுவே அதன் தெய்வம் என்பது அவர் வைக்கும் அளவு.

விக்கிரகத்தைப் பற்றிப் பேசும்போது வெண்கலச் சர்ப்பத்தின் வரலாறு நின்று கவனிக்க வேண்டியது. பாம்பு கடித்துச் செத்துக்கொண்டிருந்த மக்கள் பிழைப்பதற்காக, கர்த்தர் சொல்லித்தான் மோசே அதைச் செய்து கம்பத்தில் உயர்த்தினார் (எண்ணாகமம் 21). பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு யூதாவில் அதே சர்ப்பத்துக்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார் (2 இராஜாக்கள் 18:4). பொன் கன்றுக்குட்டியைவிட இதுவே இன்றைய கிறிஸ்தவ வீட்டுக்கு நெருக்கமானது. கன்றுக்குட்டி முதல் நாளிலிருந்தே பாவம். சர்ப்பமோ கர்த்தர் கொடுத்தது, உயிரைக் காத்தது. அப்படிப்பட்ட ஒன்றைக் கும்பிடும்போது யாருக்கும் உறுத்துவதில்லை.

பிள்ளைகளின் படிப்பும் அப்படிப்பட்ட ஈவுதான். பிளஸ் டூ வந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலை டியூஷனுக்குப் போய்விடுகிறது. ஓய்வுநாள் பள்ளியில் வசனப் போட்டிக்குப் பிள்ளையை விடாமல் அழைத்துவந்த அதே தாய், ஆராதனை நேரத்தில் டியூஷன் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திக் காத்திருக்கிறாள். ஜெபக் குறிப்பில் மதிப்பெண் முதல் வரியில் ஏறுகிறது. பிள்ளையின் உண்மையும் இரக்கமும் குறிப்பில் இடம்பெறுவதே இல்லை. மதிப்பெண் குறைந்தால் வீட்டில் இழவு விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது. நேரம் எதற்கு விட்டுக்கொடுக்கப்படுகிறது, எதை இழந்தால் வாழ்வே முடிந்ததாகத் தோன்றுகிறது, எதைக் காப்பாற்ற மனசாட்சி பொய்க்கும் இடம் கொடுக்கிறது என்று பார்த்தால் விக்கிரகம் அடையாளம் தெரியும். ஊழியரின் பெயரும் சபைக் கட்டடத்தின் உயரமும்கூட இந்தச் சோதனைக்குத் தப்புவதில்லை.

இவற்றையெல்லாம் உடைத்தெறிய வேண்டும் என்பதல்ல. ஆபிரகாம் மோரியா மலையில் ஈசாக்கை ஒப்புக்கொடுத்தான். மகனோடுதான் மலையிலிருந்து இறங்கினான். படிப்பு, சம்பாத்தியம், பிள்ளைப் பாசம் ஆகியவற்றுக்கு உரிய இடம் உண்டு. அந்த இடத்துக்கு அவை இறங்கினால் போதும்.

சாதிக்கு அப்படி இறங்கி நிற்க ஓர் இடமே கிடையாது. கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று 1833-இலேயே சுற்றறிக்கை அனுப்பினார். இன்றும் மணமகள் தேவை விளம்பரத்தில் சபையின் பெயரை அடுத்துச் சாதியின் பெயர் வருகிறது. இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற பெண் வேண்டும் என்று கேட்கும் குடும்பம், அப்படிப்பட்ட பெண் வேறு சாதியில் இருந்தால் பேச்சை அதோடு முடித்துக்கொள்கிறது. கர்த்தருடைய சித்தம் என்று எதைச் சொன்னாலும், கடைசி வார்த்தை சாதியிடம் இருக்கிறது. கடைசி வார்த்தை யாரிடமோ, வணக்கமும் அங்கேதான்.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கத்தோலிக்க ஆலயம் இதைக் கட்டடமாகவே காட்டியது. ஒரே பீடம், அதை நோக்கி வந்து சேரும் இரண்டு தனித்தனிக் கூடங்கள். மேல்சாதியாருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. ஒரே திருப்பலியைக் கண்டவர்கள் ஒருவரை ஒருவர் காணாமல் இருந்தார்கள். பங்குக் குரு கௌசானல் 1910-இல் இரு கூடங்களையும் பிரித்த தடுப்பை இடித்தார். தடுப்பு மீண்டும் வேண்டும் என்று மேல்சாதியார் வழக்குத் தொடுத்தார்கள். அது சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது; அங்கே அவர்கள் தோற்றார்கள்.