மேகக் கணிமையில் ஊடுருவற் சோதனை: ஈடுபாட்டு விதிகள் பற்றிய ஒரு நோக்கு

ஒரு நிறுவனத்தின் கணினி அமைப்பினுள், அந்நிறுவனத்தின் இசைவுடனேயே, பகைவன் ஒருவன் கையாளும் முறைகளால் நுழைய முயன்று குறைகளைக் கண்டறிதல் ஊடுருவற் சோதனை எனப்படும். செயலளவில் நோக்கின், சோதனையாளன் செய்வதும் கள்வன் செய்வதும் பெரும்பாலும் ஒன்றே. இருவரையும் சட்டத்தின் முன் வேறுபடுத்துவது இசைவாகும். அவ்விசைவு எவ்விடத்துக்கு, எக்காலத்துக்கு, எம்முறைகளுக்கு உரியது என்பதை எழுத்தில் வரையறுக்கும் ஆவணமே ஈடுபாட்டு விதிகள். படைத்துறையிலிருந்து பெறப்பட்ட தொடர் இது. ஐக்கிய அமெரிக்காவின் தேசியத் தர, தொழினுட்ப நிறுவகம் 2008இல் வெளியிட்ட 800-115ஆம் இலக்கக் கைந்நூல் இதற்கொரு மாதிரியையும் தந்துள்ளது. ஆயின், இசைவளிக்கும் உரிமை உண்மையில் யாருடையது என்னும் வினா மேகக் கணிமையின் வருகையோடு சிக்கலுற்றுள்ளது. அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவின் கூர்மையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று ஒரு கட்டடத்திலே நிகழ்ந்தது. 2019 செப்ரெம்பரில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டலஸ் கவுண்டி நீதிமன்றத்தினுள் நள்ளிரவின் பின் நுழைந்த இருவர் கைதாயினர். அவர்கள் கோல்பயர் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர். மாநில நீதித்துறை நிருவாகமே அச்சோதனையை ஒப்படைத்திருந்தது. அதற்கான பத்திரத்தையும் அவர்கள் காட்டினர். ஆனால் கட்டடம் கவுண்டிக்கு உரியது. எந்நேரத்தில், எம்முறையில் நுழையலாம் என்பதிலும் ஒப்பந்தகாரர் இருதிறத்தாரும் வெவ்வேறு பொருள் கொண்டிருந்தனர். கன்னக்களவு எனத் தொடங்கி, அத்துமீறல் எனக் குறைக்கப்பட்ட அவ்வழக்கு 2020 சனவரியிலேதான் கைவிடப்பட்டது. ஆவணத்தின் தெளிவின்மைக்கு விலை கொடுத்தோர் அதன்படி வேலை செய்யச் சென்ற தொழிலாளரே என்பது மனங்கொள்ளத்தக்கது.

அயோவாவில் இரு அதிகாரங்கள் மோதின. மேகத்திலோ அவை பல. கட்டடம், இயந்திரம், மெய்நிகர் இயந்திரங்களைப் பகுத்து நடத்தும் மென்பொருள் ஆகியன வழங்குநருக்கு உரியவை. அவற்றின்மேல் வாடிக்கையாளர் நிறுவும் செயலிகள், சேமிக்கும் தரவுகள், வகுக்கும் அனுமதிகள் என்பன வாடிக்கையாளரின் பொறுப்பு. மேலும், ஒரே இயந்திரத்தில் அறிமுகமற்ற வேறொரு நிறுவனமும் குடியிருக்கலாம். குடியிருப்போன் தன் அறையைச் சோதிக்க இசைவளிக்கலாம். அத்திவாரத்தையோ அயலவன் அறையையோ சோதிக்க இசைவளிக்க அவனுக்கு உரிமையில்லை.

இதனாலேயே வழங்குநர் தமக்கெனத் தனி விதிகளை வகுத்துள்ளனர். முன்னர் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னனுமதி பெற வேண்டியிருந்தது. மைக்றோசொப்ற் 2017இலும், குறிப்பிட்ட சில சேவைகளைப் பொறுத்தவரை அமேசன் 2019இலும் இந்நியதியைக் கைவிட்டன. எனினும் இத்தளர்வு வரம்பற்றதன்று. ஏனைய வாடிக்கையாளரின் வளங்களைத் தொடுதல் கூடாது. சேவையை முடக்கும் தாக்குதல்கள் விலக்கப்பட்டுள்ளன. அவற்றை ஒத்திகை பார்ப்பதற்கும் தனி ஏற்பாடுகள் வேண்டும்.

சோதனையின் அவசியத்தை 2019இல் வெளிப்பட்ட கப்பிற்றல் வண் வங்கி நிகழ்ச்சி உணர்த்தும். அமேசனின் மேகத்திலே வங்கி அமைத்திருந்த தீச்சுவர் ஒன்று பிழையாக ஒழுங்குசெய்யப்பட்டிருந்தது. அதனூடாகத் தற்காலிகச் சான்றுகளைப் பெற்ற ஒருவர், அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடிப் பேரினதும் கனடாவில் ஏறத்தாழ 60 இலட்சம் பேரினதும் விபரங்களை எடுத்தார். 2020இல் வங்கிக்கு 8 கோடி டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. இங்கு கவனிக்க வேண்டியது யாதெனில், சிறு வழுவொன்றும் அளவுக்கு மிஞ்சிய அனுமதியும் இணைந்தே பேரிழப்பை விளைவித்தன. ஆகவே, வெளிக்கதவைத் தட்டிப் பார்ப்பதோடு மேகச் சோதனை முடிவதில்லை. உள்ளே கிடைக்கும் சாவி எத்தனை அறைகளைத் திறக்கும் என்பதையும் அது காணவேண்டும்.

இவற்றினின்றும் விதிகளின் உள்ளடக்கம் பெறப்படும். முதலாவதாக, எல்லையை இணைய முகவரிகளால் மட்டும் குறித்தல் போதாது. மேகத்தில் முகவரிகள் கைமாறுபவை. இன்று எம்முடையது நாளை பிறனுடையதாகலாம். கணக்கின் இலக்கமும் வளங்களின் பெயரும் குறிக்கப்படல் வேண்டும். இரண்டாவதாக, கைப்பற்றப்பட்ட சான்றுகளை எதுவரை பயன்படுத்தலாம் என்பது கூறப்படல் வேண்டும். மூன்றாவதாக, தனிமனிதர் விபரங்களை எட்டியதும் நிறுத்தவும், அணுகமுடியும் என்பதை நிறுவுவதற்கு வேண்டிய அளவுக்கு மேற் படியெடாதிருக்கவும் பணிக்கப்படல் வேண்டும். நான்காவதாக, நேரம், அவசரத் தொடர்பாளர், சோதனைக்கென உருவாக்கிய கணக்குகளை அழித்தல் ஆகியன தெளிவாக்கப்படல் வேண்டும். இறுதியாக, ஒவ்வொரு வளத்துக்கும் இசைவளித்தவர் அதற்கு உரிமையுடையவர்தாமா என்பது உறுதிசெய்யப்படல் வேண்டும்.

இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் அதிகாரமின்றிக் கணினியை அணுகுதலைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. இத்துறையிற் புகும் எமது இளைஞருக்கு ஈடுபாட்டு விதிகள் வெறும் அலுவலகச் சடங்கல்ல, அவர்தம் தற்காப்பு. மறுபுறத்தில், சேமிக்கப்பட்ட விபரங்களுக்கு உரிய மக்கள் இவ்வொப்பந்தங்களில் எங்கும் கையொப்பமிடுவதில்லை. வழங்குநரும் வாடிக்கையாளரும் சோதனையாளரும் தத்தம் நலனைக் காக்க எழுதும் ஆவணத்திலே, அங்கில்லாத அம்மக்களின் நலனும் இடம்பெறும்போதே விதிகள் முழுமையுறும் எனலாம்.