குழாயில் கட்டிய பச்சை மஞ்சள் கம்பி

இங்கிலாந்தில் பழைய வீடு ஒன்றின் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஒரு விந்தையைக் காணலாம். தண்ணீர் வரும் செப்புக் குழாயை ஓர் உலோகப் பட்டை இறுகப் பற்றியிருக்கும். அதிலிருந்து பச்சையும் மஞ்சளும் கலந்த தடித்த கம்பி ஒன்று மின்மீட்டர் இருக்கும் பக்கம் செல்லும். இதை அகற்றக் கூடாது என்று எச்சரிக்கும் சீட்டு ஒன்றும் அதில் தொங்கும். குழாயில் ஓடுவது தண்ணீர்; மின்சாரம் அன்று. பிறகு இந்தக் கம்பி எதற்கு? வீட்டின் மெயின் பெட்டியை வேறிடத்துக்கு மாற்றுகிறவர்கள் இதை மறந்துவிட்டால் என்ன நேரும்?

முதலில் அடிப்படையை நினைவுபடுத்திக் கொள்வோம். மின்னழுத்தம் உயர்வாக இருப்பதால் மட்டும் அதிர்ச்சி ஏற்படுவதில்லை. நம் உடலின் இரண்டு இடங்களுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு இருந்தால்தான் உடலினூடே மின்னோட்டம் பாயும். ஈரக் கையின் வழியே உடலின் மின்தடை சுமார் 1,000 ஓம் எனக் கொள்வோம். வேறுபாடு 230 வோல்ட் ஆனால், ஓம் விதிப்படி 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் பாயும். உயிர் காக்கும் கசிவுத் தடுப்பான்கள் 30 மில்லி ஆம்பியரிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும்படி அமைக்கப்படுகின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கொடுமை விளங்கும்.

இனி இங்கிலாந்து வீட்டுக்கு வருவோம். அங்கே பல தெருக்களில், மின்மாற்றியிலிருந்து வரும் ஒரே கடத்தி நியூட்ரலாகவும் எர்த்தாகவும் பணிபுரிகிறது. அதைத் தெரு நெடுகப் பல இடங்களில் நிலத்துடன் இணைத்திருப்பார்கள். வீட்டு வாசலில் அது இரண்டாகப் பிரிந்து, ஒன்று நியூட்ரலாகவும் மற்றொன்று எர்த்தாகவும் உள்ளே போகும். சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் தெருவில் புதைந்த அந்தக் கடத்தி எங்காவது அறுந்தால்?

விளக்கு, ஹீட்டர் ஆகியவற்றின் வழியே வந்த மின்னோட்டம் நியூட்ரலை அடைகிறது. திரும்பிச் செல்ல வழியில்லை. எனவே வாசலில் உள்ள இணைப்பின் வழியே எர்த் கம்பிக்குள் புகுகிறது. எர்த்துடன் இணைந்த சலவை எந்திரம், ஹீட்டர் ஆகியவற்றின் உலோக உறைகள் எல்லாம் 230 வோல்ட்டை நோக்கி உயர்கின்றன. ஃபியூஸ் போகாது, ஏனெனில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் எதுவும் அதில் பாயவில்லை. கசிவுத் தடுப்பானும் விழாது. ஏனெனில் அதன் வழியே போவதும் வருவதும் சமமாகவே உள்ளன. மெயின் சுவிட்சை அணைத்தாலும் பயனில்லை. பக்கத்து வீடுகளின் மின்னோட்டம் அதே எர்த்தை உயர்த்திக்கொண்டிருக்கும்.

இந்த நேரத்தில் ஒருவர் ஒரு கையால் ஹீட்டரையும் மறு கையால் தண்ணீர்க் குழாயையும் தொடுகிறார் என்று கொள்ளுங்கள். குழாய் மண்ணுக்குள் சென்று பூமியின் மின்னழுத்தத்தில் இருக்கிறது. ஹீட்டரோ உயர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே அவருடைய நெஞ்சு!

குழாயையும் எர்த்தையும் தடித்த கம்பியால் பிணைத்துவிட்டால்? ஹீட்டர் உயரும்போது குழாயும் சேர்ந்தே உயரும். இரண்டும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் வேறுபாடு ஏறக்குறைய இல்லை. மின் கம்பியில் அமர்ந்த காகம் சாகாமல் இருக்கும் அதே காரணம்தான்.

அப்படியானால் கம்பி ஏன் தடிப்பாக இருக்க வேண்டும்? அறுந்த கடத்திக்குப் பதிலாக, மின்னோட்டம் இப்போது இந்தப் பிணைப்புக் கம்பி வழியே குழாய்க்குப் போய் மண்ணில் இறங்க முயல்கிறது. 40 ஆம்பியர் பாய்வதாகக் கொண்டு கணக்கிடுவோம். 25 மீட்டர் நீளமும் 10 சதுர மில்லிமீட்டர் பருமனும் உள்ள செப்புக் கம்பியின் மின்தடை சுமார் 0.043 ஓம். அதில் உண்டாகும் வெப்பம் ஏறத்தாழ 69 வாட். அதே நீளத்தில் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால் மின்தடை நான்கு மடங்காகும். வெப்பம் 275 வாட்டைத் தொடும். இக்கம்பிக்கு ஃபியூஸ் கிடையாது. சுவருக்குள்ளும் மரப் பலகைக்கு அடியிலும் மணிக்கணக்கில் காய்ந்துகொண்டே இருக்கும். ஆகவேதான் இத்தகைய வீடுகளில், வரும் நியூட்ரல் 35 சதுர மில்லிமீட்டர் வரை இருந்தால், பிணைப்புக் கம்பி குறைந்தது 10 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் விதி கூறுகிறது. அந்த விதிநூலின் முதல் பதிப்பு 1882ஆம் ஆண்டு வெளிவந்தது.

பட்டையைக் கட்டும் இடத்துக்கும் விதி உண்டு. குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு அருகில், கிளை பிரிவதற்கு முன், மீட்டர் இருந்தால் அதைத் தாண்டி முடிந்தவரை 600 மில்லிமீட்டருக்குள் கட்ட வேண்டும். மண்ணிலிருந்து வருவது பிளாஸ்டிக் குழாயாயின் அது பூமியின் மின்னழுத்தத்தை உள்ளே கொண்டுவராது. அதற்குப் பிணைப்பு வேண்டியதில்லை.

இப்போது மெயின் பெட்டியை மாடிப்படியின் அடியிலிருந்து வாசல் பக்கம் மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிணைப்புக் கம்பிகள் சேர வேண்டியது முதன்மை எர்த் முனையில். பெட்டியிலேயே சேர வேண்டும் என்பதில்லை. எனவே அந்த முனையை மீட்டருக்கு அருகிலேயே விட்டுவிட்டு, அங்கிருந்து புதிய பெட்டிக்குத் தக்க பருமனுள்ள ஓர் எர்த் கம்பியைக் கொண்டுசெல்லலாம். முனையையும் மாற்றினால், கம்பிகளை நீட்டும் இணைப்புகள் உறுதியாகவும், பின்னாளில் சோதிக்கக் கை எட்டும்படியும் இருக்க வேண்டும். முறுக்கி நாடா சுற்றிய இணைப்பு, தேவைப்படும் அந்த ஒரு நாளில் கைவிட்டுவிடும்.

நம் வீடுகளுக்கும் இதில் பாடம் உண்டு. நாம் பயன்படுத்தும் வட்டக் கால் மூன்று முனைப் பிளக்கே பிரிட்டிஷ் தரத்திலிருந்து வந்ததுதான். அதில் எர்த் கால் மற்றவற்றைவிட நீண்டு தடித்திருப்பதைப் பாருங்கள். முதலில் தொட்டு, கடைசியில் பிரிவதற்கே அந்த நீளம். நம் ஊரில் பல வீடுகளுக்குச் சொந்த எர்த் குழி உண்டு. பெட்டியை இடம் மாற்றும்போது குழிக் கம்பி எட்டவில்லை என்று அதை அப்படியே விட்டுவிடுவதும், அருகிலுள்ள தண்ணீர்க் குழாயில் எர்த்தைச் சுற்றுவதும் உண்டு. நிலத்தொட்டியிலிருந்து வரும் குழாயில் நடுவே ஒரு முழம் பிளாஸ்டிக் இருந்தால் போதும், அந்த எர்த் மண்ணைத் தொடவே தொடாது. கோளாறு வரும் நாளில் வீட்டுக் குழாய்கள் எல்லாம் மின்சாரம் ஏறி நிற்கும்.

விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது என்பதால் வேலை சரி என்று ஆகிவிடாது. எர்த் இல்லாவிட்டாலும் அவை ஓடும். கசிவுத் தடுப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அக்கருவி விழுகிறதா என்பது மட்டுமே தெரியும். எர்த் கம்பி முழுமையாக இருக்கிறதா என்பது தெரியாது. ஆகவே பெட்டியை மாற்றிய பிறகு, உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் எர்த்தைக் கருவியால் அளந்து காட்டச் சொல்லுங்கள். அளந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுதும் ஒன்றும் செய்யாமல் கிடக்கும் கம்பிதான். ஆனால் அதன் வேலை வரும் நொடியில், அந்த வேலையைச் செய்ய வேறு யாரும் இல்லை.