நஞ்சுக்கொடியும் பி.பி.யும்

வைட்ஃபீல்டில் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் தமிழ்ப் பெண்கள் பலர். கர்ப்பம் ஆனதும் சுகாதார நிலையத்தில் தாயி கார்டு வாங்குகிறார்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் நர்சம்மா அதில் 110/70, 120/80 என்று எழுதுவார். அதுதான் பி.பி., அதாவது இரத்த அழுத்தம். நாம்தான் எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டோமே! உங்கள் கார்டை எடுத்துப் படியுங்கள். மேல் எண் 140 ஆனாலும், கீழ் எண் 90 ஆனாலும் கவனிக்க வேண்டும்.

"கோபக்காரி, அதனால்தான் பி.பி. ஏறியது" என்பார் மாமியார். "உப்பை அள்ளித் தின்றாள்" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. பாவம், அந்தப் பெண் மேல் பழி போடாதீர்கள். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு புதிதாக பி.பி. ஏறி, சிறுநீரில் புரதமும் போனால், கோளாறு நஞ்சுக்கொடியில் தொடங்கியிருக்கிறது.

பெயர்தான் நஞ்சு. குழந்தைக்கு உணவும் காற்றும் கொடுப்பது அதுதான். பயிருக்குத் தண்ணீர் போக வாய்க்காலை அகலமாக வெட்டுகிறோம் அல்லவா? நஞ்சுக்கொடியும் முதல் மாதங்களில் அப்படித்தான் செய்கிறது. கர்ப்பப்பையின் இரத்தக் குழாய்களை அகலமாக்குகிறது. சிலருக்கு இந்த வேலை சரியாக நடப்பதில்லை. குழாய் குறுகலாகவே இருக்கும். நஞ்சுக்கொடிக்குப் போதிய இரத்தம் கிடைக்காது.

அப்போது அது ஒருவகைப் புரதத்தை அளவுக்கு மேல் தாயின் இரத்தத்தில் விடுகிறது. அதன் பெயர் வாயில் நுழையாது, விட்டுவிடுவோம். தாயின் இரத்தக் குழாய்களை நலமாக வைக்கும் நல்ல பொருள்களை அது பிடித்துக் கட்டிப்போடுகிறது. குழாய்கள் இறுகுகின்றன. பி.பி. ஏறுகிறது. சிறுநீரகமும் கெடுகிறது. அதனால்தான் சிறுநீரில் புரதம் போகிறது.

இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் ஆனந்த் கருமாஞ்சி. 2003ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பாஸ்டன் நகரில், அவரும் உடன் இருந்தவர்களும் இந்தப் புரதத்தைக் கர்ப்பமான எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளுக்கும் பி.பி. ஏறியது. சிறுநீரில் புரதமும் போனது. எலிக்கு ஏது மாமியார், ஏது கோபம்?

"பத்து மாதம் ஆகட்டும், டாக்டர் ஏன் அவசரப்படுகிறார்?" என்று சிலர் சண்டை போடுகிறார்கள். காரணம் உண்டு. மாத்திரை பி.பி.யைக் குறைக்கும். ஆனால் நஞ்சுக்கொடியைச் சரி செய்யாது. குழந்தையும் நஞ்சும் வெளியே வந்தால்தான் நோய் இறங்கத் தொடங்கும். அதனால் 37 வாரம் ஆனதும் பிரசவம் பார்ப்பார்கள். நோய் கடுமையானால் அதற்கு முன்பே பார்ப்பார்கள்.

தொடக்கத்தில் உடம்புக்கு ஒன்றுமே தெரியாது. வேலைக்குப் போய் வருவாள். பிறகு கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் வரலாம். அடுத்தது வலிப்பு. இதைப் பேய், காற்று என்று மந்திரிக்கப் போனால் தாயும் பிள்ளையும் சாக நேரும். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் என்ற ஊசி இருக்கிறது. விலை குறைவு. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் சோதித்த முடிவு 2002இல் வந்தது. ஊசி போட்டவர்களுக்கு வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தது.

மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. பி.பி.யோடு சிறுநீரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆபத்து என்றால் 108க்குப் போன் செய்யுங்கள். பிரசவம் முடிந்த பின்னும் சில நாள் வலிப்பு வரலாம். அந்த நாள்களிலும் பி.பி. பார்க்க வேண்டும்.